நான் மெஷினாக இருந்த மாதம்

பிள்ளைகளா, ஆளைப் பார்த்ததும் எடை போட்டுவிடுவார் உங்கள் அப்பா என்று அம்மா எல்லாரிடமும் சொல்லுவாள். நீங்களும் அதை நம்பிக்கொண்டு, வீட்டுக்கு யார் வந்து போனாலும் "எப்படிப்பா, நல்ல ஆளா?" என்று என்னைத்தான் கேட்கிறீர்கள். அப்படிக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒருவனுடைய முகம் நினைவுக்கு வரும். உங்கள் அம்மாவுக்கும் தெரியாத சங்கதி அது. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் எழுதுகிறேன். எனக்குத் தெரிந்தமட்டும் வரிசையாகச் சொல்கிறேன்.

அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆலங்காயத்தில் ஒரு மண்டியில் ஆறு வருஷம் தானியம் அளந்துவிட்டு எங்கள் மலைக்கே திரும்பி வந்திருந்தேன். ஜமுனாமரத்தூர் போகிற பாதையில் ஒரு இன்ஜினியர் ஐயா நிலம் வாங்கி, ஓட்டு வீடு கட்டிக் குடியிருந்தார். மெட்ராஸில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி தவறிவிட்டார்கள், பிள்ளைகள் இல்லை. நிலம், வீடு, சமையல் எல்லாவற்றையும் நான்தான் பார்த்துக்கொண்டேன்.

ஐயா ஒரு மொழி கட்டிக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டருக்கு உத்தரவு போடுகிற மொழி. அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் என்றால் ஒரு பெரிய அறையை அடைத்துக்கொண்டு நிற்கிற கணக்கு மெஷின். மெட்ராஸில் ஒன்றிரண்டு இடத்தில் இருந்தது. அட்டையில் ஓட்டை போட்டுக் கொடுத்தால், அந்த ஓட்டைகளைப் படித்துக் கணக்குப் போடும். அதற்கு உத்தரவு எழுத இங்கிலீஷும் வேண்டும், தனிப் படிப்பும் வேண்டும். "உன்ன மாதிரி எட்டாவது படிச்சவன் தமிழ்ல எழுதணும், மெஷின் கேக்கணும்" என்பார் ஐயா. எடு, போடு, கூட்டு, பார், திரும்பச் செய், நில். இப்படி இருபத்தெட்டு வார்த்தைகள். அவற்றை எப்படிச் சேர்ப்பது, எப்படிப் பிரிப்பது என்று நாலு நோட்டு நிறைய எழுதி வைத்திருந்தார்.

எழுதிவைத்தால் போதுமா? அந்த வார்த்தைகளை மெஷினுக்குப் புரிகிறபடி மாற்றி, முதலில் ஒரு மாதிரி செய்து காட்ட வேண்டும். ஐயாவுக்கு வயசாகிவிட்டது, கை நடுங்கும். அதற்காகச் சம்பளத்துக்கு ஓர் ஆள் தேடினார். மெட்ராஸில் இருந்த அவருடைய பழைய சிநேகிதர், ஒரு ஞாயிற்றுக்கிழமை அரைமணி நேரம் மெஷினைத் தருவதாக எழுதியிருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அதை விட்டால் வேறு நாள் கிடைக்காது.

ஆனால் ஐயா யாரையும் நம்ப மாட்டார். அதற்குக் காரணம் உண்டு. விருந்தாளியாக வந்து தங்கிய ஒருவர், நோட்டில் பாதியைப் பார்த்து எழுதிக்கொண்டு போய், எங்கேயோ ஒரு கூட்டத்தில் தன் யோசனை என்று பேசிவிட்டாராம். அன்றிலிருந்து நோட்டுகள் உள்ளறை அலமாரியில், சாவி ஐயாவின் இடுப்பில். "வர்றவன் கண்ணு எங்க போவுதுன்னு பாத்துக்கிட்டே இரு" என்று எனக்கு உத்தரவு. எனக்கும் அது பிடித்துப்போயிற்று. மூட்டைக்கு அடியில் பதர் போட்டிருக்கிறானா, படியைத் தட்டி அமுக்குகிறானா என்று மண்டியில் ஆறு வருஷம் பார்த்த கண்தானே.

ஐயா பல பேருக்குக் கடிதம் போட்டதில் மூன்று பேர் வந்தார்கள். முதல் ஆள் பஸ்ஸை விட்டு இறங்கியதும், "மெஷின் எங்கே?" என்றார்.

ஐயா என்னைக் காட்டினார். "இதோ நிக்கறானே."

வந்தவர் என்னைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தார். "கரண்ட் இல்லாத ஊர்ல மெஷின் இப்படித்தான் இருக்கும்போல" என்று சொல்லிவிட்டு, பஸ் திரும்பி நிற்பதற்குள் அதிலேயே ஏறிக்கொண்டார்.

ஐயா விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மெட்ராஸுக்குப் போகிறவரை மெஷின் செய்கிற வேலையை நான் செய்ய வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. சீட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதை மட்டும் செய்ய வேண்டும். சொந்த புத்தியைச் சேர்க்கக் கூடாது.

இரண்டாவது ஆளுக்கு வைத்த பரீட்சையும் அதுதான். கிணற்றிலிருந்து ஒரு குடம் நிரப்ப எனக்கு உத்தரவு எழுதச் சொன்னார் ஐயா. அவர், 'வாளியால் தண்ணீர் சேந்திக் குடத்தில் ஊற்றவும், மறுபடி சேந்தவும்' என்று எழுதிக் கொடுத்தார். நான் சேந்தினேன், ஊற்றினேன். குடம் வழிந்தது. மறுபடியும் சேந்தினேன். தண்ணீர் அவர் செருப்பு வரைக்கும் போயிற்று.

"போதும்யா, கண்ணு தெரியலியா உனக்கு?" என்றார்.

"போதும்னு எங்க எழுதியிருக்கு?" என்றார் ஐயா. அவரும் போய்விட்டார்.

மூன்றாவதாக வந்தவன்தான் வாணியம்பாடிக்காரன். இருபத்தைந்து வயசு இருக்கும். முஸ்லிம் குடும்பம், தோல் வியாபாரம். அப்பா இல்லை, அண்ணன்தான் கிடங்கைப் பார்த்துக்கொள்கிறார். இவன் மெட்ராஸில் கணக்குப் பாடம் படித்து, ஒரு கம்பெனியில் இரண்டு வருஷம் அந்த மெஷினோடேயே வேலை செய்தவன். பரீட்சை என்றதும் எழுத உட்காராமல் என்னிடம் வந்தான்.

"அண்ணே, இந்தக் குடத்துக்கு எத்தினி வாளி புடிக்கும்?"

"எதுக்குக் கேக்கறீங்க?"

"இன்னா அண்ணே, கேக்கக் கூடாதா?"

நான் சொல்லவில்லை. அவனே குடத்தையும் வாளியையும் தூக்கிப் பார்த்துவிட்டு எழுதினான். 'ஒவ்வொரு வாளிக்குப் பிறகும் குடத்தைப் பார். கழுத்துக்கு வந்திருந்தால் நில்' என்று அதில் இருந்தது. குடம் சரியாக நிரம்பியது. ஐயாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. எனக்கு மட்டும் அவன் கேட்ட கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது.

"மெட்ராஸ் வேலைய விட்டுட்டு ஏன் இங்க வர்ற?" என்று ஐயா கேட்டார்.

"அங்க யாரோ எழுதினத அட்டையில ஏத்தறதுதாங்க வேல. இது புதுசா கட்டறது. அண்ணன் கிட்ட கேட்டுட்டுத்தான் வந்தேன். இது நடக்கலேன்னா பேசாம கிடங்குக்கு வந்துடணும்னு சொல்லிட்டாரு."

"ஒரு மாசம் பாப்பேன். சரியா வரலேன்னா அனுப்பிடுவேன்."

"சரிங்க."

அவனுக்கு இருந்தது அந்த ஒரு மாதம்தான். தேறினால் இந்த வேலை, ஞாயிற்றுக்கிழமை மெட்ராஸ். தேறாவிட்டால் காலத்துக்கும் உப்புத் தோல். இது எனக்கு முதல் நாளே தெரியும். தெரிந்துதான் மற்றதெல்லாம் செய்தேன்.

மெட்ராஸில் மெஷின் அறைக்குள் யாரையும் விட மாட்டார்களாம். ஜன்னலில் அட்டையைக் கொடுத்துவிட்டு வெளியே காத்திருந்து, விடையை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். இங்கேயும் அப்படியே நடக்க வேண்டும் என்றார் ஐயா. நான் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவேன். என் முன்னால் மரப்பெட்டிகள் வரிசையாக இருக்கும், பக்கத்தில் ஒரு கூடை புளியங்கொட்டை. அவன் ஜன்னல் வழியாகச் சீட்டுக் கட்டைத் தருவான். ஒவ்வொரு சீட்டிலும் ஓர் உத்தரவு. 'முதல் பெட்டியில் மூன்று போடு.' 'இரண்டாம் பெட்டியோடு கூட்டு.' முடிந்ததும், சொன்ன பெட்டியில் எத்தனை கொட்டை இருக்கிறது என்று எழுதி ஜன்னல் வழியாகக் கொடுப்பேன். வாயைத் திறக்கக் கூடாது. "மெஷின் பேசாது" என்று ஐயா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

முதல் பத்து நாள் எல்லாம் சரியாக வந்தது. கூட்டல் வந்தது, கழித்தல் வந்தது. இரண்டு எண்ணில் பெரியது எது என்றால் அதுவும் வந்தது. அவன் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்று, "பாஸ் பண்ணிட்டோம்ணே" என்பான். மெஷின் பேசாதே, அதனால் நான் பேச மாட்டேன்.

மற்ற நேரத்தில் அவனைக் கவனித்துக்கொண்டிருந்தேன். சாப்பிட்டதும் சின்ன நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு புளியமரம் வரைக்கும் நடந்து போவான். எழுதி அடித்துப்போட்ட சீட்டுகளைக் கொளுத்துவான். அதை ஐயாவிடம் சொன்னேன்.

"கொளுத்தச் சொன்னதே நான்தான்" என்றார். அப்புறம், "எல்லாத்தையும் கொளுத்தறானா பாரு" என்றார்.

பதினோராம் நாள் 'திரும்பச் செய்' வந்தது. ஐயாவின் மொழியிலேயே பெரிய வார்த்தை அது. ஒரே வேலையை ஏழு தடவை செய்ய ஏழு சீட்டு வேண்டாம், ஒரு சீட்டு போதும். ஆறு கொட்டையை எடுத்துப் பெட்டியில் போடு, இதை ஏழு தடவை திரும்பச் செய் என்று எழுதியிருந்தான். நான் செய்து விடையைக் கொடுத்தேன்.

நாற்பத்திரண்டு வர வேண்டியது, நாற்பத்தெட்டு வந்திருக்கிறது.

எண்ணை மாற்றிக் கொடுத்தான். ஐந்தை நாலு தடவை. இருபது வர வேண்டும், இருபத்தைந்து வந்தது. எதைக் கொடுத்தாலும் ஒரு தடவை கூடுதலாக வந்தது. 'திரும்பச் செய்' இல்லாத சீட்டுகள் முன்போலவே சரியாக வந்தன. மூன்று நாள் அவன் அதிலேயே கிடந்தான். சாப்பாட்டில் கை வைத்துக்கொண்டு யோசிப்பான். அப்புறம் ஐயாவிடம் போய், "ஒரு தடவ நான் உள்ள வந்து பாக்கட்டுங்களா?" என்று கேட்டான்.

"மெட்ராஸ்ல உள்ள போய்ப் பாப்பியா?"

"பாக்க முடியாதுங்க. ஆனா..."

"அப்ப இங்கயும் முடியாது."

அலமாரி உள்ளறையில்தான் இருந்தது. அவன் கேட்டது அதற்காகத்தான் என்று எனக்குப் பட்டது. ஐயாவுக்கும் அப்படியே பட்டிருக்கும். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"ஒண்ணுதானே கூடுதலா வருது? சீட்டுல ஒண்ணக் கொறச்சு எழுதிட்டுப் போயேன்" என்றார் ஐயா.

"காரணம் தெரியாம கொறைக்க மாட்டேங்க. இங்க சரியா வரும், அங்க போனா ஒண்ணு கொறையும்."

"அது எப்படி, இங்க ஒண்ணு அங்க ஒண்ணு?"

"அதுதாங்க எனக்கும் தெரியல."

அவன் போன பிறகு ஐயா என்னைக் கூப்பிட்டார். சுலபமாகத் திருத்தக் கூடியதை ஒருவன் திருத்த மாட்டேன் என்கிறான் என்றால் என்ன அர்த்தம்? சரியானதைத் தனக்கு வைத்துக்கொண்டு தப்பானதை நமக்குத் தருகிறான். ஐயா இப்படிச் சொன்னபோது, நான் முன்பே நினைத்ததை அவர் சொல்கிறார் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

மறுநாள் அவன் ஒரு கனமான உறையை பஸ் கண்டக்டரிடம் கொடுத்து, ஆலங்காயத்தில் தபாலில் சேர்க்கச் சொன்னதைப் பார்த்தேன். அவன் அந்தப் பக்கம் போனதும் கண்டக்டரிடம் போய், "விலாசத்துல ஏதோ வுட்டுப் போச்சாம், நாளைக்குத் தர்றேன்" என்று பொய் சொல்லி வாங்கிவந்தேன். சோற்றுக் கஞ்சி கொதிக்கிற ஆவியில் காட்டிப் பிரித்தேன். ஐயா சொல்லித்தான் செய்தேன் என்று எழுதலாம். அவர் சொல்லியிருக்காவிட்டாலும் செய்திருப்பேன்.

கடிதம் உருதுவில் இருந்தது. ஐயாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் நடுவில் கட்டம் கட்டமாகப் போட்டு, ஆறு, ஏழு என்று எண்கள் இருந்தன. கூடவே எங்கள் சீட்டுகளைப் போல வரிசையாகப் பதினோரு துண்டுக் காகிதம். ஐயா அதை வெகுநேரம் கையில் வைத்திருந்தார். "ஒட்டி அனுப்பிடு. நாம பாத்தது அவனுக்குத் தெரிய வேணாம்" என்றார். மறுநாள் பஸ்ஸில் அனுப்பிவிட்டேன்.

அதற்கடுத்த காலையில் அவனை நிறுத்திவிட்டார். மாதம் முடிய இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

"காரணம் சொல்லுங்க" என்றான்.

"கொறைக்கச் சொன்னா கொறைக்க மாட்டேங்கற. அதான் காரணம்."

அவன் என்னைப் பார்த்தான். நான் அவனுடைய டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டேன். பஸ் வருகிற இடம் வரைக்கும் கூடவே நடந்தேன். பஸ் சத்தம் கேட்டபோதுதான் பேசினான்.

"அண்ணே, ஏழு தடவைன்னா ஏழு தடவதானே போடறீங்க?"

"ஆறு வருஷம் மண்டியில அளந்தவன் கிட்ட கேக்கற கேள்வியா இது? எனக்கு எண்ணத் தெரியாதா?"

"தெரியும்ணே. சும்மா கேட்டேன்." பெட்டியை வாங்கிக்கொண்டு ஏறிவிட்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் வந்து போயிற்று. ஐயா மெட்ராஸுக்குப் போகவில்லை.

அதன் பிறகு ஒருநாள், எங்கள் நிலத்துச் சாமையை வாங்க ஒடுகத்தூரிலிருந்து ஒருவர் வந்தார். களத்தில் உட்கார்ந்து நான் அளந்தேன். முதல் மரக்காலை அவர் சாக்கில் கொட்டி, "லாபம்" என்றேன். இரண்டாவதைக் கொட்டி "ஒண்ணு" என்றேன். மூன்றாவதைக் கொட்டி "ரெண்டு" என்றேன்.

இதை உங்களுக்கு விளக்க வேண்டும். தானியம் அளக்கிறவர்கள் எடுத்தவுடனே ஒன்று என்று சொல்ல மாட்டார்கள். லாபம் என்று மங்கலமாகத் தொடங்குவார்கள். மலைக்குக் கீழே, கீழ்நாட்டில், பல இடங்களில் அந்த லாபமே ஒன்று, அடுத்தது இரண்டு. எங்கள் வீட்டில் லாபம் எண்ணிக்கையில் சேராது. வாங்குகிறவருக்கு முதலில் ஓர் அளவு சும்மா விழும், அதற்கப்புறம்தான் ஒன்று. என் அப்பா அப்படித்தான் அளந்தார். நான் வேலை பார்த்த மண்டியிலும் மலைச் சரக்கை அப்படித்தான் அளந்தோம். யோசித்துச் செய்கிற காரியமில்லை, கையே செய்துவிடும்.

"இன்னாங்க, நின்னுட்டீங்க? மூணு போடுங்க" என்றார் வாங்க வந்தவர்.

மரக்காலைக் கீழே வைத்துவிட்டேன். ஒரே சீட்டைத் திரும்பத் திரும்பச் செய்வது அளப்பதைப் போலத்தான். பெட்டி முன்னால் உட்கார்ந்து கொட்டையை அள்ளிப் போடும்போது மனசுக்குள் நான் லாபத்தில்தான் தொடங்கியிருக்கிறேன். வாய்விட்டு எண்ணியிருந்தால் ஜன்னலில் நின்றவன் முதல் நாளே கேட்டிருப்பான்.

ஐயாவிடம் சொன்னேன். அவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "அப்ப அவன் கொறச்சிருந்தா அங்க தப்பாத்தான் வந்திருக்கும்" என்றார். அப்புறம், "அதுக்காக? அவன் காகிதம் அனுப்பினது அனுப்பினதுதானே" என்றார். வாணியம்பாடி போய்வரட்டுமா என்று கேட்டேன். போறதுன்னா போ என்றார்.

தோல் கிடங்கைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. உப்பு மேட்டுக்குப் பக்கத்தில், முழங்கால் வரைக்கும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு தோல்களை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கையைக் கழுவிக்கொண்டு வந்தான்.

"வாங்கண்ணே. மெஷின் பஸ் ஏறி வந்திருக்கு. உக்காருங்க, டீ சொல்றேன்."

டீ வருவதற்கு முன்பே லாபத்தைப் பற்றிச் சொல்லிவிட்டேன். கல்லை வைத்துச் செய்தும் காட்டினேன்.

"எனக்குத் தெரியும்ணே, தப்பு என் சீட்டுல இல்லேன்னு" என்றான் கடைசியில். "எங்க அண்ணனுக்கு அனுப்பினேன். இதே சீட்டு, இதே கட்டம். வூட்டுல வெச்சு ஒரு தடவ செஞ்சு பாருங்க, வேற கையில இன்னா வருதுன்னு பாக்கணும்னு எழுதினேன். நாப்பத்திரெண்டு வந்துச்சாம். எங்க கிடங்குல லாபம்லாம் கெடையாது, எடுத்ததும் ஒண்ணுதான்."

"அப்ப திரும்பி வந்து ஐயா கிட்ட சொல்லியிருக்கலாமே தம்பி."

"யாரு நம்புவாங்க? ஒறைய ரெண்டு தடவ ஒட்டினவங்களா?"

டீ வந்தது. நான் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் கோபமாகச் சொல்லவில்லை.

"திரும்ப வாங்க தம்பி. ஐயா கிட்ட நான் பேசறேன்."

"அந்த ஞாயித்துக்கெழம போயிடுச்சில்ல? அண்ணனுக்கும் வாக்குக் குடுத்துட்டேன். கிடங்கப் பாத்துக்கறேன்னு." உள்ளே யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். எழுந்தவன் நின்றான். "அண்ணே, லாபம் இல்லாம ஒரு தடவ செஞ்சு பாத்தீங்களா?"

"இல்ல. ஆனா அதுதான் தப்பு, நிச்சயம்."

"செஞ்சு பாக்காம எப்படிச் சொல்றீங்க? என் மேலயும் அப்படித்தானே நிச்சயமா இருந்தீங்க?"

அவ்வளவுதான். அவன் தோல்களுக்குள் போய்விட்டான். ஆலங்காயம் வந்து, பஸ் மாறி, மலைக்கு வந்து சேர்ந்தேன்.

ஐயா வயல் பக்கம் போயிருந்தார். உள்ளறையில் பெட்டிகள் தூசி படிந்து அப்படியே கிடந்தன. துடைத்து வரிசையாக வைத்தேன். ஜன்னல் மாடத்தில் இருந்த சீட்டுக் கட்டைப் பிரித்து, அவன் எழுதிய அந்தக் கணக்கைத் தேடி எடுத்தேன். கதவைச் சாத்தவில்லை. ஆறு கொட்டையை அள்ளிப் பெட்டியில் போட்டு, "ஒண்ணு" என்று வாய்விட்டுச் சொன்னேன். கைக்கு அது பிடிக்கவில்லை, அடுத்த அள்ளலுக்குத் தயங்கியது. ரெண்டு, மூணு என்று ஏழு வரைக்கும் சொல்லிச் சொல்லிப் போட்டேன். அடுத்த சீட்டு நில் என்றது. நின்றேன்.

பெட்டியைக் கவிழ்த்து எண்ணினேன். நாற்பத்திரண்டு. விரலுக்கு அடியில் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்தேன். மறுபடி எண்ணினேன். பிறகு எல்லாக் கொட்டையையும் கூடையில் கொட்டிவிட்டு, முதல் சீட்டிலிருந்து திரும்பவும் தொடங்கினேன்.